எழுபத்திரண்டு கோஸ்

சனிக்கிழமை காலையில் நம்-ஹீ மொட்டைமாடிக் கோஸ்களை எண்ணினாள். எழுபத்திரண்டு. இன்னொரு தடவை எண்ணினாள். எழுபத்திரண்டுதான். பன்னிரண்டு வீடு, குளிர்காலத்துக் கிம்ச்சி ஊறுகாய்க்கு வீட்டுக்கு ஆறு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் எண்பது நாற்று நட்டிருந்தாள். புழுவுக்கு மூன்று போயிற்று. புயலுக்கு இரண்டு. மூன்று ஏன் போயிற்று என்றே தெரியவில்லை. மீதியை அவள் விடுவதாக இல்லை. சலவைக் கடைக்கு வேலைக்குப் போகும் முன் தினமும் அரை மணி நேரம், சாப்பிடும் குச்சிகளால் இலைமடிப்புக்குள்ளிருந்து பச்சைப் புழுக்களைப் பொறுக்கினாள். எதிர் மாடியில் துணி காயப்போட வருகிறவர்கள், அவள் அங்கே உட்கார்ந்து ஏதோ சாப்பிடுகிறாள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஆகஸ்ட் கூட்டம்.

சியோலில் ஒரு நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடியில் நானூற்றொன்றாம் எண் வீட்டில் இருப்பவர் தக். அவர்தான் கட்டடத் தலைவர். தோட்டம் அவருடைய கூரைக்கு நேர் மேலே. கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

"எல்லாருக்கும் தலைக்கு மேல கூரை இருக்கு. எனக்கு வயல் இருக்கு. காலையில ஆறு மணிக்கு யாரோ உழறாங்க. கூரையில ஈரம் வேற படருது. மாடிக் கதவைப் பூட்டிடலாம்."

ஓட்டு எடுத்தார்கள். தோட்டம் வேண்டும் ஐந்து, வேண்டாம் ஐந்து. ஒரு வீடு எப்படியானாலும் சரி என்றது. நூற்றுமூன்று கூட்டத்துக்கே வரவில்லை. அது எந்தக் கூட்டத்துக்கும் வராத வீடு.

நம்-ஹீ கூட்டங்களில் பேசுகிறவள் அல்ல. அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது.

"இந்த வருஷம் எல்லா வீட்டுக்கும் குளிர்காலக் கிம்ச்சி இந்த மாடியிலேருந்து வரும். ஒரே ஒரு வீட்டுக்கு வரலேன்னாலும் தொட்டியெல்லாம் நானே கீழ இறக்கிடறேன்."

"எழுதிக்கலாமா?" என்றார் தக்.

"எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். அவளையே படிக்கச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார்.

அந்தத் தொட்டிகளை மேலே கொண்டுவந்தவளுக்குத்தான் இறக்குவது என்றால் என்னவென்று தெரியும். நாற்பது ரப்பர் தொட்டி. அதற்கெல்லாம் மண். வட்டார அலுவலகம் மண்ணை வாசல்வரை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விட்டது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி ஏறினாள். அப்போது இந்தக் கட்டடத்தில் ஒருவர் பெயரும் அவளுக்குத் தெரியாது. நாலு வருடம் குடியிருந்தும் தெரியாது. இரண்டாவது மாடியில் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்கியபோது ஒரு கதவு திறந்தது. அறுபது வயதுக்காரி ஒருத்தி மூட்டையைப் பார்த்தாள்.

"என்ன, பிணமா?"

"மண்ணு."

"அப்ப ஒரு முனைய நான் பிடிக்கிறேன். பிணம்னா பிடிக்க மாட்டேன்."

அது சுன்-ஒக். மொக்போ பக்கம், தெற்குக் கடற்கரை ஊர்க்காரி. மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் கும்-ரேயும் வந்து சேர்ந்தாள். அவள் போஹாங்காரி, கிழக்குக் கடற்கரை. இரண்டு கடலும் அன்றிலிருந்து அந்த மாடியில் சண்டை போட்டுக்கொண்டே இருந்தன. கீரை எப்போது விதைப்பது, மிளகாய்க்குக் குச்சி எப்படிக் கட்டுவது, எல்லாவற்றுக்கும். நம்-ஹீ சியோலிலேயே பிறந்தவள். அவளுக்குக் கடலும் இல்லை, ஊரும் இல்லை. வட்டார அலுவலகம் கொடுத்த ஒரு மடிப்புத்தாளைப் படித்து விவசாயம் கற்றவள்.

சனிக்கிழமை மதியம் எட்டுப் பேர் மேலே வந்தார்கள். கோஸ்களை அறுத்தார்கள், இரண்டாகப் பிளந்தார்கள். உள்ளே மஞ்சள் நெருக்கமாக இருந்தது. கும்-ரே ஒரு பாதியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"கடையில வாங்கினா இப்படி இருக்காது."

"கடையில வாங்கினா இதைவிடப் பெரிசா இருக்கும்" என்றாள் சுன்-ஒக்.

"பெரிசா இருந்தா ஆச்சா அக்கா? உங்க வீட்டுக்காரரும்தான் பெரிசா இருக்காரு."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, இலைக்கு இலை, தடித்த தண்டுப்பக்கமாகக் கல்லுப்பைத் தூவி, ஊறவைக்கக் கொண்டுவந்த வேறு பெரிய தொட்டிகளில் அடுக்கினார்கள். நம்-ஹீ தூவுவதைச் சுன்-ஒக் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உப்பு போடறியா, முகத்துக்குப் பவுடர் போடறியா?"

"இவ்வளவு போதும்னு போட்டிருக்குக்கா."

"எங்க போட்டிருக்கு?"

"மடிப்புத்தாள்ல."

"சியோல்காரி" என்றாள் சுன்-ஒக்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. காலை வரை ஊற வேண்டும். ஞாயிறு எட்டு மணிக்கு எல்லோரும் கையுறையோடு வருவது என்று பேசிக் கலைந்தார்கள்.

ஐந்தரைக்கு நம்-ஹீ தனியாக மேலே போனாள். ஒரு தண்டை வளைத்துப் பார்த்தாள். முறிந்தது. சரியாக ஊறிய தண்டு முறியாது, வளையும். ஊறுவதற்கு இன்னும் பதினாலு மணி நேரம் இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. குளிரில் உப்பு மெதுவாகத்தான் இறங்கும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். பவுடர் என்ற சொல்லும் காதிலேயே நின்றது. மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு தொட்டிக்கும் நாலு கை உப்பைக் கூடுதலாகத் தூவினாள். மூடிவிட்டு இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு மேலே வந்தபோது தொட்டிகளில் கோஸ் பாதி உயரத்துக்கு அமுங்கியிருந்தது. ஒரு தண்டை எடுத்து வளைத்தாள். செருப்பு வாரைப்போல வளைந்தது. கடித்தாள். உடனே துப்பினாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள்.

அடுத்த தொட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். கடலையே அள்ளி வைத்ததுபோல் இருந்தது. இதைக் கிம்ச்சியாகப் போட்டால் நாய் கூடத் திரும்பிப் பார்க்காது.

அவள் கவிழ்த்த வாளியொன்றின்மேல் உட்கார்ந்தாள். நாலு கைதானே போட்டேன் என்று நினைத்தாள். அந்த நாலு கை உப்பு நாற்பது தொட்டி மண்ணையும் கீழே இறக்கப்போகிறது. ஒரே ஒரு வீட்டுக்கு வரலேன்னாலும் என்று அவள் சொல்லியிருந்தாள். இப்போது ஒரு வீட்டுக்கும் வராது.

எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். இளஞ்சிவப்புக் கையுறைகள், மிளகாய்த்தூள் பைகள், உரித்த பூண்டு. யாரோ இறைச்சி வேகவைக்கப் பெரிய பானையும் கொண்டுவந்திருந்தார்கள். நம்-ஹீ எழுந்து நின்றாள்.

"யாரும் எதையும் பிரிக்க வேணாம். கோஸ் கெட்டுப்போச்சு. உப்பு தாங்க முடியல. என் தப்புதான். நேத்து சாயங்காலம் வந்து இன்னொரு தடவை போட்டுட்டேன்."

சுன்-ஒக் ஒரு தண்டைப் பிய்த்து நுனியைக் கடித்தாள். முகம் சுருங்கியது.

"எத்தனை கை போட்ட?"

"தொட்டிக்கு நாலு."

"நாலு கைக்கு இவ்வளவு கரிக்காது" என்றாள் சுன்-ஒக். கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "நான் துணி எடுக்க வந்தேன். நேத்து ராத்திரி ஏழு மணி இருக்கும். இந்தப் பொண்ணுக்குக் கை வரல, நம்ம சரி பண்ணிடுவோம்னு..."

"அக்கா" என்றாள் நம்-ஹீ.

"ஒரு தொட்டிக்கு ஒரு கிண்ணம். மொக்போவுல அப்படித்தான்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கும்-ரே மட்டும் எதிர் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நல்லதாகப் படவில்லை சுன்-ஒக்குக்கு.

"போஹாங்காரி, நீ என்ன வாயைத் திறக்காம நிக்கிற?"

"சாப்பிட்டுட்டு வந்தேன் அக்கா" என்றாள் கும்-ரே மெல்ல. "ஒன்பது மணி. உப்புத் தண்ணி கரைச்சு ஊத்தினேன். மேலாப்புல தூவினா அடிக்கு இறங்காதில்ல. உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்னு நெனச்சு..."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னுதான் நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனக்கிறேன்."

மாடிக் கதவு கிறீச்சிட்டது. தக் வந்து நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். பேச்சைப் படிக்கட்டிலிருந்தே கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப கிம்ச்சி கிடையாதா?"

"கிடையாது தலைவரே" என்றாள் நம்-ஹீ. "பேசினது பேசினதுதான். அடுத்த வாரமே இறக்க ஆரம்பிச்சிடறேன்."

தக் தொட்டிகளைப் பார்த்தார். அலுத்துக்கொண்டார்.

"எந்தக் கோஸ்தான் தாங்கும்? அஞ்சு தடவை உப்பு போட்டா."

கும்-ரே விரலை மடக்கினாள். அவள் எதையும் விரல் மடக்காமல் விடுகிறவள் அல்ல.

"எல்லாரும் சேர்ந்து போட்டது ஒண்ணு. நம்-ஹீ ரெண்டு. அக்கா மூணு. நான் நாலு."

நிமிர்ந்தாள். நிமிர்ந்த விரல் ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தக்குக்குக் காட்டினாள்.

"தலைவரே, அஞ்சாவது எது?"

தக்கின் கழுத்து சிவந்தது.

"ராத்திரி கதவு பூட்டியிருக்கான்னு பாக்க வந்தேன்."

"சரி."

"படையில மூணு வருஷம் சமையல்கூடத்துல இருந்தவன் நான். அறுநூறு பேருக்கு உப்பு போட்ட கை இது. அந்த மூலைத் தொட்டியைத் திறந்து பாத்தேன். நடுவுல ஒரு பொட்டு உப்பு இல்ல. பச்சையா கெடக்கு."

"அதனால?"

"பாத்துட்டுப் போயிட முடியுமா? ஒண்ணுன்னு ஆரம்பிச்சேன்."

"எத்தனை தொட்டி?"

"எல்லாம்தான்" என்றார் தக்.

சுன்-ஒக்தான் முதலில் சிரித்தாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு ஒவ்வொருவரையும் தொற்றிக்கொண்டது.

"வேணாம்னு ஓட்டு போட்ட கை" என்றாள் கும்-ரே. "உப்பு மட்டும் போடுதாக்கும்."

நம்-ஹீ சிரிக்கவில்லை. அவள் கோஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் ஒருத்தியின் தப்பு என்று நினைத்தவரை அவளால் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. இப்போது முடிந்தது.

"அக்கா, உப்பு ஏறினா இறங்காதா?"

"நல்ல தண்ணியில போட்டா இறங்கும். மாத்தி மாத்தி ஊறப்போடணும். மத்தியானம்வரைக்கும் ஆகும். ஆனா இத்தனைக்குத் தண்ணி எங்க இருக்கு?"

மாடியில் ஒரே குழாய். நூல் மாதிரி ஒழுகும். அதில் ஒரு தொட்டி நிரம்பவே அரை மணி ஆகும்.

"தலைவரே" என்றாள் நம்-ஹீ. "உங்க வீட்டுல குளியல் தொட்டி இருக்கில்ல?"

"இருக்கு. ஏன்?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. மறுக்க வாயைத் திறந்தார். அத்தனை பேர் கண்களும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. உப்பு போட்ட கையை.

"செருப்பைக் கழட்டிட்டு வரணும்" என்றார்.

"வீட்டுக்கு ஆறு" என்றாள் நம்-ஹீ எல்லோரையும் பார்த்து. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவங்கவங்க கோஸ் அவங்கவங்க வீட்டுல ஊறட்டும். குளியல் தொட்டி, வாளி, சிங்க், எது இருக்கோ அதுல. கதவைத் திறந்தே வையுங்க. மணிக்கொரு தடவை தண்ணி மாத்தணும். நான் வந்து கடிச்சுப் பாப்பேன்."

கோஸ்கள் படியிறங்கின. பேசின்களில், வாளிகளில், ஒரு பழைய சூட்கேஸில்கூட. படிக்கட்டு முழுக்க உப்புத் தண்ணீர் சொட்டியது. பத்து மணிக்குக் கட்டடத்தில் மூடிய கதவு ஒன்றே ஒன்று இருந்தது. நூற்றுமூன்று. அதன் ஆறு கோஸையும் நம்-ஹீ தன் குளியலறையில் தன்னுடையதோடு சேர்த்து வைத்தாள்.

அன்றைக்கு அவள் நாலு மாடியையும் ஐந்து தடவை ஏறி இறங்கினாள். ஆறு வருடம் தாண்டிப்போன வாசல்களுக்குள் நுழைந்தாள். நூற்றிரண்டில் குழந்தையின் குளியல் தொட்டியில் கோஸ் மிதந்தது. குழந்தை பக்கத்தில் நின்று அதன்மேல் பிளாஸ்டிக் வாத்தை விட்டுக்கொண்டிருந்தது. இருநூற்றுமூன்றில் மீன் இல்லாத மீன்தொட்டி. முந்நூற்றொன்றில் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டு, சுழலவிடாமல், தண்ணீரை மட்டும் நிரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தண்டைப் பிய்த்துக் கடித்தாள். இன்னும் என்றாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். பதினோரு மணிக்குள் அவள் நாக்கு மரத்துப்போயிற்று. அதற்குப் பிறகு அந்தந்த வீட்டுக்காரர்களும் கூடவே வந்து, பக்கத்து வீட்டுக் கோஸைக் கடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தக் குளியல் தொட்டியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம்.

"தண்ணி மாத்த இன்னும் நாலு நிமிஷம்" என்றார்.

அவள் மேலே பார்த்தாள். கூரையில் ஈரத்தின் தடம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. போன வருடம் தளம் பூசியபோதே நின்றுபோன ஒழுக்கு. அவர் அவள் பார்வையைக் கவனித்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு வளைந்த தண்டு கடித்தால் நறுக்கென்றது. உப்பு இருந்தது, ஆனால் வாய் அதைத் தாங்கியது. எல்லாவற்றையும் மறுபடி மேலே ஏற்றி வடிகட்டினார்கள். இனி மசாலா. அதில்தான் இரண்டு கடலும் முட்டிக்கொள்ளும். சுன்-ஒக் உப்பு இறால் ஜாடியைத் திறந்தாள். கும்-ரே நெத்திலிச் சாற்றுப் பாட்டிலைத் திறந்தாள்.

"ரெண்டையும் மூடுங்க" என்றாள் நம்-ஹீ.

"என்னது?"

"ரெண்டுமே உப்பு. கோஸ் ஏற்கனவே போதுமான உப்பு குடிச்சாச்சு. இறால் பாதி. நெத்திலி வேணாம். முள்ளங்கியைப் பொடியா சீவாம பெரிய பெரிய துண்டா வெட்டி, உப்பில்லாம நடுநடுவுல வைப்போம். மிச்ச உப்பை அது இழுத்துக்கும். பேரிக்காய் கூட ரெண்டு அரைச்சுப் போடலாம்."

"இதுவும் மடிப்புத்தாள்ல இருக்கா?"

"இல்லக்கா. யோசிச்சேன்."

சுன்-ஒக் ஜாடியைக் கீழே வைத்தாள். "இறால் பாதி, நெத்திலி இல்ல, முள்ளங்கி கட்டை கட்டையா. இது எந்த ஊர் கிம்ச்சி?"

"நாலாவது மாடிக்கு மேல இருக்கிற ஊர்" என்றாள் நம்-ஹீ. "முள்ளங்கியை வெட்டுங்க."

வெட்டினார்கள். வெயில் சாயும்வரை முழங்கை சிவக்கச் சிவக்க இலைக்கு இலை மசாலாவைத் தடவினார்கள். பானையில் பன்றி இறைச்சி வெந்தது. கமகமவென்ற ஆவி எதிர் மாடிவரை போயிற்று. அங்கே துணி எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள்.

முதல் துண்டை யார் சாப்பிடுவது என்று கேள்வி வந்தபோது எல்லோரும் தக்கைப் பார்த்தார்கள். நம்-ஹீ மசாலா தடவிய கோஸின் மஞ்சள் இலையொன்றில் இறைச்சியை வைத்துச் சுற்றி அவரிடம் நீட்டினாள். அவர் மென்றார். அவசரப்படவில்லை. அறுநூறு பேருக்குச் சமைத்தவர் மெல்வதுபோல மென்றார்.

"உப்பு" என்றார்.

நம்-ஹீயின் கை நின்றது.

"உப்பு சரியா இருக்கு."

"சரியா இருக்கா, நல்லா இருக்கா?" என்றாள் கும்-ரே.

"இன்னொண்ணு சுத்திக் குடும்மா, சொல்றேன்."

மூன்று சாப்பிட்டார். அரிசிக் கள்ளும் இரண்டு கிண்ணம் குடித்தார். நல்லா இருக்கு என்று கடைசிவரை சொல்லவில்லை. யாரும் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

விளக்கு போடும் நேரத்துக்குப் பெட்டிகள் வீடு வீடாகப் போயின. பதினொன்று போயிற்று. பன்னிரண்டாவதைத் தூக்கிக்கொண்டு நம்-ஹீ நூற்றுமூன்றின் முன்னால் நின்றாள். மணி அடித்தாள். தட்டினாள். பதில் இல்லை. கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தாள்.

"வைக்காத" என்று பின்னால் குரல் கேட்டது. தக் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் கூட்ட நோட்டு. "வாசல்ல வச்சா வந்ததா ஆகாது. வாங்கினாத்தான் வந்தது. அப்படித்தான் எழுதியிருக்கு."

அவள் நிமிர்ந்தாள். இத்தனைக்கும் பிறகா என்று நினைத்தாள்.

தக் அவளைத் தாண்டிப் போய்க் கதவை உள்ளங்கையால் அடித்தார். கட்டடமே அதிர அடித்தார்.

"நூற்றுமூணு. எழுந்திரு. தலைவர் வந்திருக்கேன்."

நெடுநேரம் அடித்தார். கடைசியில் தாழ்ப்பாள் விலகியது. முப்பது வயது இருக்கும் ஒருவன், போர்வையைத் தோளில் போட்டபடி, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு நின்றான். மொத்த மீன் சந்தையில் இரவு வேலை பார்க்கிற இன்-பே. அவன் பெயரே அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"வாடகை போன வாரமே..."

"வாடகை இல்ல. பிடி."

அவன் பெட்டியை வாங்கினான். கனம் அவனை ஒரு அடி முன்னால் இழுத்தது. மூடியின் ஓரத்தில் முகர்ந்தான். மூடியிருந்த கண்ணும் திறந்தது.

"எங்க வாங்கினது?"

"வாங்கல" என்றார் தக். "மேல விளைஞ்சது. நாங்க போட்டோம்."

நோட்டைச் சுவரில் வைத்து, பன்னிரண்டாவது வீட்டின் நேராக ஒரு கோடு போட்டார். ஆகஸ்டில் நம்-ஹீ கையெழுத்துப் போட்ட தாளை நோட்டிலிருந்து கிழித்தெடுத்தார். அதை அவளிடம் கொடுக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தொட்டி நாற்பதும் இப்ப காலி" என்றார் படியேறும்போது. "குளிர் இறுகறதுக்குள்ள பூண்டு ஊன்றிடணும். எத்தனை மணிக்கு மேல வருவ?"

"ஆறு மணிக்கு."

"ஆறு மணிக்கு என் தலைக்கு மேல நடப்ப."

"ஆமா."

"அப்ப அஞ்சே முக்காலுக்கு என் கதவைத் தட்டு. ரெண்டு பேரும் சேர்ந்தே நடப்போம்."